சென்னைக்குக் குடிவருமுன்: வாசகர் கேள்வி - பதில்

பள்ளி திறக்கும் காலம் நெருங்கினால் வீடு மாற்றுபவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். "சென்னை பாதுகாப்பான ஊர்தானா?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்கள் பலர். ஊர் முழுவதற்கும் சேர்த்து அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. எந்தத் தெரு, எந்த நேரம், எந்த வழியாகப் போய்வருவீர்கள் என்று தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். அப்படி விவரத்தோடு வந்த கடிதங்களையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"பாதுகாப்பான நகரங்கள்" பட்டியலில் ஒரு தளத்தில் சென்னை மேலே இருக்கிறது, இன்னொன்றில் கீழே. எதை நம்புவது? - வாசகர், தென்காசி

அந்தப் பட்டியல் எதை எண்ணியது என்று முதலில் பாருங்கள். நம்பியோ போன்ற தளங்கள் தருவது, அங்கே வந்துபோகிறவர்கள் "இரவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறதா?" என்பது போன்ற கேள்விகளுக்குச் சொன்ன பதில்களின் தொகுப்பு. பயம் எவ்வளவு என்று அதில் தெரியும். குற்றம் எவ்வளவு என்று தெரியாது.

அரசுக் கணக்கு வேண்டுமென்றால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைதான். 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்களுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருக்கின்றன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது எண்ணுவது பதிவான வழக்குகளை. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று காப்பகமே அறிக்கையில் எச்சரிக்கிறது. டெல்லியில் வாகனத் திருட்டுக்கு 2015 முதல் இணையத்திலேயே வழக்குப் பதியலாம். நிலையத்துக்கு அலையவேண்டாம் என்றால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். "குற்றம் குறைந்த நகரம்" என்று பெயர் வாங்கிய ஊரில் புகாரை வாங்க ஆளில்லாமலும் இருக்கலாம்.

இன்னும் சில பொடி விஷயங்கள் இருக்கின்றன. நகரங்களுக்கான விகிதத்தை 2011 மக்கள்தொகையை வைத்தே வகுக்கிறார்கள், அதனால் அதன்பின் வேகமாக வளர்ந்த ஊர்களின் விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரே வழக்கில் கொள்ளையும் கொலையும் இருந்தால் கொலை மட்டுமே கணக்கில் சேரும். 2020 அறிக்கையில் தமிழ்நாட்டின் எண்கள் எகிறியதற்கு, ஊரடங்கை மீறியவர்கள்மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் போட்ட வழக்குகள் பெரிய காரணம். 2022 ஜனவரியில் சென்னைக் காவல் ஆணையரகத்திலிருந்து தாம்பரமும் ஆவடியும் பிரிந்தன. காவல்துறை வெளியிடும் "சென்னை" எண்களை அதற்கு முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று எழுதுகிறவர்களை நம்பவேண்டாம்.

அப்படியானால் அட்டவணையில் பார்க்க எதுவுமே இல்லையா? இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று கொலை, அதை மறைப்பது கடினம். இன்னொன்று வாகனத் திருட்டு, வழக்குப் பதியாமல் காப்பீட்டுப் பணம் வராது என்பதால் வண்டியைப் பறிகொடுத்தவர் விடாமல் பதிவு செய்வார். நகரங்களை ஒப்பிட இந்த இரண்டும் போதும், அதுவும் ஓராண்டை வைத்து முடிவெடுக்காமல் ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களின் எண் குறைவாக இருந்தால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுக்கவே தயங்கும் ஊரிலும் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும்.

பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் வாடகை கட்டுப்படியாகிறது. உறவினர்கள் "வடசென்னையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். - வாசகர், விருதுநகர்

முகம் சுளிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியைத் திரையில் மட்டும் பார்த்தவர்களாக இருப்பார்கள். நாடு முழுவதும் கொலை வழக்குகளின் காரணங்களைப் பார்த்தால் தகராறும் முன்விரோதமும்தான் முன்னணியில் நிற்கின்றன. யாரோடும் பகையில்லாமல் புதிதாகக் குடிவரும் குடும்பம் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. நெருக்கமான தெருக்களும், இரவு பத்து மணிக்கும் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பதும் தனியாக நடந்துவரும் பெண்ணுக்கு நன்மையே.

வடசென்னையில் விசாரிக்கவேண்டியவை வேறு. மணலி, எண்ணூர்ப் பக்கம் என்றால் தொழிற்சாலைக் காற்று. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டிலிருந்தால், மணலியில் உள்ள காற்றுத்தர நிலையத்தின் எண்ணை ஒரு மாதம் தினமும் பாருங்கள். 50 வரை கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் "மோசம்" என்ற வகை. கொடுங்கையூர் குப்பைக்கிடங்கிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மாலையில் போய் நின்று மோந்தாலே தெரிந்துவிடும். அடுத்தது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். பிள்ளைகள் பள்ளிக்குப் போக அந்தச் சாலையைக் கடக்கவேண்டுமென்றால் வேறு தெரு பாருங்கள். ரவுடியைவிட அந்த லாரிதான் பயப்படவேண்டியது.

மகளுக்கு ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மென்பொருள் வேலை. நாங்கள் ஊரிலிருந்து இரண்டு நாள் மட்டும் வர முடியும். வீட்டையும் தெருவையும் எப்படிச் சோதிப்பது? - வாசகி, தஞ்சாவூர்

இரண்டு நாள் போதும், தரகர் கூப்பிடும் நேரத்தில் போகாமல் இருந்தால். அவர் காலை பதினொரு மணிக்குத்தான் வரச்சொல்வார். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

முதல் நாள் இரவு ஒன்பதே முக்காலுக்குப் போங்கள். மகள் வேலை முடிந்து இறங்கப்போகும் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை நடந்தே வாருங்கள். நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் எத்தனை விளக்குக் கம்பங்கள், அவற்றில் எத்தனை எரிகின்றன என்று எண்ணுங்கள். அடுத்தடுத்து இரண்டு கம்பம் எரியவில்லை என்றால் இடையில் 60 மீட்டருக்குக் குறையாமல் இருட்டு. திறந்திருக்கும் கடைகளை எண்ணுங்கள். மருந்துக்கடை, டீக்கடை, இஸ்திரி வண்டி எல்லாம் கணக்கில் சேரும். தெருவில் நிற்கிற, நடக்கிற பெண்கள் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். தெருக்களை மதிப்பிடும் சேஃப்டிபின் செயலி வெளிச்சம், நடைபாதை, பொதுப் போக்குவரத்து என ஒன்பது அளவுகோல்களை வைத்திருக்கிறது, பெண்களின் நடமாட்டம் அதில் ஒன்று. நம் பார்வையில் அந்த ஒன்பதில் முதலில் பார்க்கவேண்டியது அதுதான்.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். பத்து மணிக்கு வெளியே வரும் கூட்டம் எந்தப் பக்கம் கலைகிறது என்று பத்தேகால்வரை நின்று பாருங்கள். கடை 300 மீட்டர் தள்ளி இருந்தாலும் கூட்டம் உங்கள் தெரு வழியாகப் போனால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். கடை பக்கத்திலேயே இருந்து, கூட்டம் பிரதான சாலையிலேயே கலைந்தால் தொல்லை குறைவு.

ஓஎம்ஆரில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய வளாகங்களின் மதில்கள் 200, 300 மீட்டருக்குக் கதவோ ஜன்னலோ இல்லாமல் நீளும். ஒருபக்கம் மதில், மறுபக்கம் காலிமனை என்றால் விளக்கு எத்தனை எரிந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. குடியிருப்பின் வாசலில் காவலாளி இருக்கிறாரே என்பார்கள். அவர் பொறுப்பு வாசலோடு முடிந்துவிடும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு நடை போங்கள். சங்கிலிப் பறிப்பு நள்ளிரவில் நடப்பது என்று நினைக்கிறோம். நள்ளிரவில் தெருவில் சங்கிலி போட்டவர்களே இருக்கமாட்டார்கள். கோலம் போடும்போதும், பால் வாங்கப் போகும்போதும், காலை நடையின்போதும்தான் அதிகம் நடக்கிறது. 2025 மார்ச் 25 அன்று தென்சென்னையில் காலை வேளையில்தான் அடுத்தடுத்துப் பல இடங்களில் பறித்தார்கள். பறித்தவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். வண்டியில் வருகிறவன் பின்னாலிருந்து வருவதுதான் வழக்கம், ஆகவே சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்கவேண்டும். தெரு ஒரு முனையில் முட்டுச்சந்தாக இருந்தால் தப்பிக்க வழியில்லை என்று அவர்கள் வருவது குறைவு. இருபுறமும் பெரிய சாலையில் சேரும் குறுக்குத்தெருவில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

கேமரா இருக்கிறது என்பார்கள். தலையைத் தூக்கிப் பாருங்கள். முகப்பில் ஒட்டடை, கம்பத்தில் தொங்கும் அறுந்த ஒயர், மரக்கிளையைப் பார்த்தபடி ஒரு லென்ஸ்: இவை சென்னையில் அபூர்வமல்ல. 2017-க்குப் பிறகு "மூன்றாவது கண்" திட்டத்தில் நகரெங்கும் கேமராக்கள் பொருத்தினார்கள். பொருத்த வந்த கூட்டம் பராமரிக்க வருவதில்லை. பதிவுப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். "தெரியவில்லையே" என்று பதில் வந்தால் கேமரா இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தெரு எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிலையங்களின் எல்லையில் உள்ள தெருக்களில் "அது அந்த ஸ்டேஷன் லிமிட்" என்று அலைக்கழிப்பது பழைய நோய். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையமும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பியனுப்பக்கூடாது. மின்னணு வழியாகவும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திடவேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான "சிஎஸ்ஆர்" ரசீதை மட்டும் நிலையத்தில் கொடுத்தால் அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதை மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நிறுவன வண்டியில் இரவு திரும்புவதாக இருந்தால் வேலையில் சேருமுன் மனிதவளத் துறையிடம் ஒரு கேள்வி: கடைசியாக இறக்கிவிடப்படுவது பெண்ணா, ஆணா? பெண் என்றால் கூடவே பாதுகாவலர் வருகிறாரா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் விடுதியில் சேர்க்கலாமா? கட்டணம் 7,000 சொல்கிறார்கள். மறைகேமரா இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. - வாசகர், கரூர்

கட்டணத்துக்கு முன் உரிமத்தைக் கேளுங்கள். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக்கூடாது. உரிமத்தை வரவேற்பறையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்கவேண்டும். "ரின்யூவலுக்குப் போயிருக்கு" என்றால் பழைய உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து தீ. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் இருவர் இறந்தார்கள். வீட்டை விடுதியாக மாற்றிய கட்டடங்களில் ஒரே மாடிப்படி, அதன் அடியிலேயே மீட்டர் பலகை, இன்வெர்ட்டர் பேட்டரி, சில இடங்களில் சமையல் சிலிண்டர். படியின் அடியில் தீ பிடித்தால் புகை மேலேதான் ஏறும், மேலே இருப்பவர்களுக்கு இறங்க வழி இருக்காது. இரவில் மாடிக்கதவைப் பூட்டுகிறார்களா, சாவி யாரிடம், ஜன்னல் கம்பியில் திறக்கக்கூடிய பகுதி ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

மறைகேமராவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்து, நடத்தியவர் கைதானார். மின்சாக்கெட், குளியலறை பல்பு, துணி மாட்டும் கொக்கி, கடிகாரம் ஆகியவற்றைப் பாருங்கள். விளக்கை அணைத்து டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துச் சுற்றினால் கேமராவின் லென்ஸ் சின்னப் புள்ளியாக மின்னும். இருட்டில் படம்பிடிக்கும் வகையானால் அதன் அகச்சிவப்பு ஒளி போனின் முன்கேமராவில் ஊதாப் புள்ளியாகத் தெரியும். பின்கேமராவில் பெரும்பாலும் வடிகட்டி இருப்பதால் தெரியாது. தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்தி உங்கள் போனில் தெரிகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் அரசின் தோழி விடுதிகளையும் பாருங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரியில் உண்டு.

2015-லும் 2023-லும் சென்னை மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் வராத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? - வாசகர், நாமக்கல்

நம் வழக்கமே இதில் எதிரி. தையிலும் வைகாசியிலும் பால் காய்ச்சுகிறோம். சென்னைக்கு வெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அதனால் வெயிலில் வறண்டு கிடக்கும் தெருவைப் பார்த்துத்தான் எல்லாரும் முன்பணம் கொடுக்கிறார்கள்.

இரண்டு வெள்ளமும் வேறு வேறு. 2015 டிசம்பர் 1, 2-இல் பெருமழையோடு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்த தண்ணீரும் அடையாற்றில் வந்தது. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றை ஒட்டியே அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழைநீர் வடிய வழியில்லாமல் நின்றது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வடக்கே புளியந்தோப்பு எல்லாம் நாள்கணக்கில் தேங்கின. ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்ற தைரியம் முதல் வகைக்குத்தான் உதவும். ஆகவே விசாரிக்கும்போது இரண்டு ஆண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எத்தனை நாள் இல்லை. தரகரிடம் கேட்டுப் பயனில்லை. இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் பத்தாண்டாக இருப்பவர், இந்த மூவரில் இருவர் ஒரே பதில் சொன்னால் நம்பலாம்.

பெயரிலும் தடயம் இருக்கும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு, லேக் வியூ சாலை என்ற பெயர்கள் சும்மா வரவில்லை. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலைக்குப் பக்கத்தில் இன்று ஏரி கிடையாது. அந்த ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவானதுதான் தியாகராய நகர். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். பெயரில் ஏரி இருந்தாலே ஒதுக்கிவிடவேண்டும் என்று சொல்லவில்லை, அப்படிப் பார்த்தால் பாதிச் சென்னையில் குடியிருக்க முடியாது. அங்கே கேள்விகளை இரட்டிப்பாகக் கேட்கவேண்டும். வாங்குகிறவர்கள் இதோடு நிற்காமல், வருவாய்த் துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணின் 'அ' பதிவேட்டை (நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று சொல்லும் பதிவேடு) பார்க்கவேண்டும். பக்கத்துப் புல எண்கள் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் நில அளவை வரைபடத்தையும் எடுத்து, வாய்க்கால் இன்று எங்கே போகிறது என்று நேரில் பாருங்கள். காகிதத்தில் இருந்து தரையில் காணாமல் போன வாய்க்கால், பெருமழையில் தன் பழைய வழியைத் தேடி வரும்.

வீட்டிலேயே படிக்கக்கூடிய அடையாளங்கள் சில. மதிலில் இடுப்புயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். நிலைக்கதவின் அடிப்பலகை மட்டும் மாற்றியிருப்பது, அல்லது ஊறி உப்பியிருப்பது. வாசலுக்கு முன் அரையடிச் சிமென்ட் வரம்பு. மின்மீட்டர் வழக்கத்தைவிட உயரத்தில், தலைக்கு மேலே. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள். சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டதில் பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. வாசலில் நின்று தெருவுக்கு இறங்குகிறீர்களா, ஏறுகிறீர்களா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடுத்தது தரைத்தொட்டி. அதன் மூடி சாலை மட்டத்தைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் வெள்ளத்தோடு சாக்கடையும் குடிநீரில் கலக்கும். பலரும் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தரைத்தளத்தில் கழிவறை இருந்தால் பாதாளச் சாக்கடை இணைப்பில் ஒருவழி வால்வு உண்டா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் குழாய் நிரம்பினால் அழுக்கு மேலேறி வருவது அந்த வழியாகத்தான்.

"நாங்கள் மூன்றாம் மாடி, எங்களுக்கென்ன" என்பவர்களுக்கு: கீழே மீட்டர் பலகை மூழ்கினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள். மோட்டார் ஓடாது, லிப்ட் ஓடாது. 2023-இல் மாடியில் இருந்தவர்கள் காலி வாளிகளோடு நாள்கணக்கில் தவித்தார்கள்.

தெருவோர மின் பில்லர் பெட்டிகளையும் பாருங்கள். கதவில்லாமல், கேபிள் தரையில் கிடந்தால் தேங்கிய நீரில் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் தாருங்கள், தெருவிளக்குக்கு மாநகராட்சியின் 1913. குடிவருமுன்னே ஒரு புகார் போட்டுப் பாருங்கள். எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்பது அந்த வட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். வீட்டுக்குள் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அதன் 'டி' பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா என்றும் பாருங்கள். விழவில்லை என்றால் அது அலங்காரம். மாற்றிக் கொடுத்தால்தான் குடிவருவோம் என்று சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

மகன் கல்லூரிக்கு பைக் கேட்கிறான். சென்னையில் திருட்டுப் பயம் அதிகமா? - வாசகி, சிவகங்கை

பைக் திருடு போவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். கவலைப்படவேண்டியது பைக்கில் போகிறவனைப் பற்றி. 2022-இல் இந்தியாவில் கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இறந்தவர்களில் பெரும் பங்கு இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இந்தக் கேள்வி-பதில் முழுவதிலும் உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் வாய்ப்புள்ள ஆபத்து எது என்றால் இதுதான். ஆனால் குடிவருமுன் இதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே கல்லூரிக்கு நடந்தோ, ஒரே பேருந்திலோ, புறநகர் ரயிலிலோ போகிற தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை 3,000 கூடினாலும் பைக் தவணையும் பெட்ரோலும் மிச்சம். ரயில் என்றால் நிலையத்தின் நிலைமையையும் பாருங்கள். கடற்கரை - தாம்பரம் தடத்தில் இரவிலும் கூட்டம் உண்டு. வேளச்சேரி பறக்கும் ரயில் தடத்தில் சில நிலையங்கள் பெரிய கட்டடமாக ஆளரவமற்றுக் கிடக்கும். ரயிலில் உதவிக்கு 139.

பைக் வாங்கித்தான் தீருவீர்கள் என்றால் ஐஎஸ் 4151 முத்திரையுள்ள தலைக்கவசம், நாடிப்பட்டையில் இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கம். பின்னால் உட்காரும் நண்பனுக்கும் ஒன்று. முதல் மூன்று மாதம் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் வெளிவட்டச் சாலையும் வேண்டாம். விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் வீட்டுக்கு அருகில் எது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

8 லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லாமல் மூன்றாண்டு லீசுக்கு வீடு தருகிறார்களாம். - வாசகர், திண்டுக்கல்

தருகிறவர் வீட்டின் உரிமையாளரா என்பதுதான் கேள்வி. நடக்கும் மோசடி இதுதான்: இடைத்தரகர் ஒருவர் உரிமையாளரிடம் மாதவாடகைக்கு எடுத்து, உங்களிடம் மொத்தமாக லீஸ் பணம் வாங்கிக்கொள்வார். சில மாதம் வாடகை கட்டுவார், பிறகு காணாமல் போவார். உரிமையாளர் வந்து காலிசெய்யச் சொல்லும்போதுதான் உங்களுக்கே தெரியும். இன்னொரு வகையில் உரிமையாளர் உண்மையானவராகவே இருப்பார், வீடு மட்டும் வங்கிக் கடனில் ஏலத்துக்குக் காத்திருக்கும்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சொத்துவரி ரசீது, மின் இணைப்பு, ஒப்பந்தம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். பணத்தை அந்தப் பெயருள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். ரொக்கம் வேண்டாம். மாதவாடகை என்றால் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். தனியாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

இணைய விளம்பரத்தில் "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, டோக்கன் போடுங்கள், சாவி கூரியரில் வரும்" என்று வந்தால் அதற்குமேல் படிக்கவேண்டாம். பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவும் ரகசிய எண் போடவும் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் நடுவிலேயே முடக்க வாய்ப்புண்டு.

சென்னை, பெங்களூரு இரண்டிலும் வேலை கிடைத்திருக்கிறது. எது பாதுகாப்பு? - வாசகி, ஈரோடு

ஊரை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த வேலையில் இரவுப்பணி இல்லை, எந்த அலுவலகத்துக்கு அரைமணி நேரத்துக்குள் ஒரே வண்டியில் போகலாம் என்று பாருங்கள். வெள்ளம் சென்னைக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்கவேண்டாம். 2022 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதியில் மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போனார்கள்.

வயதான பெற்றோரை மட்டும் மடிப்பாக்கத்தில் குடிவைக்கப் போகிறோம். நாங்கள் வெளிநாட்டில். என்ன ஏற்பாடு? - வாசகர், சிங்கப்பூர்

தனிவீடு வேண்டாம். எட்டு முதல் இருபது வீடுகள் உள்ள குடியிருப்பில் முதல் மாடி, லிப்டோடு. இந்த அளவில்தான் பக்கத்து வீட்டாருக்கு முகம் தெரிந்திருக்கும். மடிப்பாக்கம் என்பதால் மேலே சொன்ன வெள்ளக் கேள்விகள் அத்தனையும் உங்களுக்கும் உண்டு.

மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், கதவில் பார்க்கும் துளை, அது அம்மாவின் கண் உயரத்தில். வேலைக்கு வைப்பவரைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டிச் சரிபார்க்கலாம். வெளியூர் போகும்போது பூட்டிய வீடு பற்றி நிலையத்தில் எழுதிக்கொடுத்தால் ரோந்தில் பார்ப்பார்கள். "மின்வாரியத்திலிருந்து பேசுகிறோம், இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம்" என்று வரும் அழைப்பும், "டிஜிட்டல் கைது" மிரட்டலும் முதியோரைக் குறிவைத்தே வருகின்றன. காணொளி அழைப்பில் யாரையும் கைதுசெய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதைத் தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதே தாளில் பெரிய எழுத்தில் அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567, பக்கத்து வீட்டுக்காரர் எண். உங்கள் சிங்கப்பூர் எண்ணைக் கடைசியில் எழுதுங்கள்.